இரண்டாவது ஆள் இறங்கக் கூடாது: கிணறு, செப்டிக் டேங்க், சாயத் தொட்டி வேலைக்கான முழு வழிகாட்டி

எங்கள் தோட்டத்துச் சாளையின் விட்டத்தில் ஒரு பாதாளக் கொலுசு, அதாவது வளையத்தில் கோத்த கொக்கிக் கொத்து, தொங்கும். யார் வீட்டு வாளி கிணற்றில் விழுந்தாலும் அதைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். கயிற்றில் கட்டி இறக்கி நாலு சுற்றுத் துழாவினால் ஏதாவது ஒரு கொக்கியில் வாளி மாட்டிக்கொண்டு மேலே வரும். நீச்சல் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருந்தாலும், வாளிக்காக அவரை இறங்கச் சொன்னதில்லை.

அந்தப் புத்தி இப்போது எங்கே போனது என்று யோசிக்க வைப்பவை நம் பக்கத்துத் தொட்டிச் சாவுகள். 2014 மார்ச்சில் பெருந்துறை சிப்காட்டில் ஒரு ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் தொட்டியில் மூன்று பேர். இப்படிப்பட்ட செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்: ஒருவர் மட்டும் இறந்தார் என்று வருவது குறைவு. முதல் ஆள் வேலைக்கு இறங்குகிறார், விழுகிறார். இரண்டாவது ஆள் அவரைத் தூக்க இறங்குகிறார். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் தூக்க. அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் வெளியிட்ட கையேட்டில், இதுபோன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது.

ஆலைப் பராமரிப்பில் பதினாலு வருடம் இருந்தவன் நான். கீழே எழுதியிருப்பது வீட்டு செப்டிக் டேங்குக்கும் பொருந்தும், சாயப்பட்டறைத் தொட்டிக்கும் பொருந்தும், தோட்டத்துக் கிணற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வித்தியாசம் வரும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் அங்கே கருவி இல்லாமல் ஆள் நிற்கக் கூடாது. 10-க்குக் கீழே போனால் மயக்கம். 6-க்குக் கீழே நாலைந்து மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். இதில் ஒரு சூது இருக்கிறது. நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வு வருவது, உடம்பில் கரியமில வாயு சேர்வதால்தான். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் இறங்கியவர் கத்துவதில்லை, கை ஆட்டுவதில்லை. ஏணியில் நின்றபடியே கை நழுவி விழுகிறார். மேலே இருப்பவர்கள் "கால் வழுக்கிருச்சு" என்று நினைத்து உடனே இறங்குகிறார்கள்.

செப்டிக் டேங்கிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் முதல் எதிரி ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். காற்றைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் அடியில் படியும். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரியும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு, அதாவது 100 பிபிஎம் தாண்டினால் மூக்கின் மோப்பமே செத்துவிடும். "மொதல்ல நாத்தம் அடிச்சுதுங்க, இப்ப இல்லீங்க, போயிருச்சு" என்று ஒருவர் சொன்னால், போனது நாற்றம்தான், வாயு அல்ல. 700, 1000 பிபிஎம் என்று ஏறிவிட்டால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

இன்னொன்று: இந்த வாயு சேற்றுக்குள் கரைந்து கிடக்கும். மேலே இருந்து அளந்தால் கருவி சுத்தம் என்று காட்டும். மண்வெட்டியைப் போட்டு ஒரு கிளறு கிளறினால் குபீரென்று கிளம்பும். ஒருமுறை அளந்தேன், போதும் என்பது இங்கே செல்லாது. கருவி, இறங்கும் ஆளின் நெஞ்சிலேயே கடைசி வரை ஓட வேண்டும்.

சாயப்பட்டறைகளில் இது இன்னும் மோசம். கறுப்புக்கு சல்பர் சாயம் போடும் இடத்தில் சோடியம் சல்பைடு இருக்கும். அந்தத் தண்ணீர் கிடக்கும் தொட்டியில் யாராவது ஆசிட் கலந்த தண்ணீரைத் திறந்துவிட்டால் அப்போதே, அங்கேயே, ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். ஆகவே ஒரு தொட்டிக்குள் ஆள் இருக்கும்போது அதற்குள் வரும் எல்லாக் குழாயும் மூடியிருக்க வேண்டும், "இது வெறும் தண்ணி லைன்" என்ற சமாதானம் இல்லாமல்.

சேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைத் தொட்டிகளிலும், சாண எரிவாயுக் கலன்களிலும் மீத்தேன் சேரும். இது காற்றைவிட லேசு, மேலே நிற்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும்.

விளக்கு இறக்கிப் பார்க்கும் வழக்கம் பற்றி

சோளத்தை நிலத்துக்குள் குழி வெட்டிச் சேமித்து வைத்திருந்த காலத்தில், குழியைத் திறந்தவுடன் இறங்க மாட்டார்கள். திறந்துபோட்டு ஆறவிட்டு, விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாமல் நின்றால்தான் ஆள் இறங்குவார். தானியமும் மூச்சு விடும். குழிக்குள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை நிரப்பிவிடும். ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்குக் கீழே போனால் விளக்கு அணையும். அந்தக் குழிக்கு அது நல்ல சோதனை.

செப்டிக் டேங்குக்கு அதைக் கொண்டுவராதீர்கள். ஆளைச் சாய்க்கும் 1000 பிபிஎம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த அளவில் விளக்கு ஆடாமல் அசையாமல் எரியும். மீத்தேன் இருந்தாலோ விளக்கே வெடிமருந்துத் திரி ஆகிவிடும். பெரியவர்கள் சொன்னதை நான் இளக்காரமாகப் பேசவில்லை. அவர்கள் சோதித்தது வேறு குழி.

படி 1: இறங்காமல் முடியுமா?

நூற்றுக்குத் தொண்ணூறு வேலை முடியும். செப்டிக் டேங்க் நிறைந்தால் 14420 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் கழிவு உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு உண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சிவிட்டால் அடியில் கட்டி சேராது. கட்டி சேராவிட்டால் "ஆள் எறங்கித்தாங்க வழிக்கோணும்" என்ற பேச்சே வராது. கட்டியிருந்தாலும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கரைத்துவிட்டு உறிஞ்சலாம். மோட்டார் அடைத்துக்கொண்டதா? மோட்டாரைச் சங்கிலியோடு பொருத்தியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். புதிதாகத் தொட்டி கட்டுபவர்கள் இந்தச் சங்கிலியை மறக்காமல் போட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு முடிகிற விஷயம். உள்ளே விழுந்த பொருளுக்கு இருக்கவே இருக்கிறது பாதாளக் கொலுசு.

சட்டமும் இதையே சொல்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகள் தராமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம் வரை. "நான் காண்ட்ராக்டுல உட்டுட்டேன்" என்று வீட்டுக்காரர் நழுவ முடியாது.

படி 2: இறங்கியே ஆக வேண்டும் என்றால், முந்தின நாள்

வேலையைக் காலையில் முடிவு செய்து காலையிலேயே இறங்குவதுதான் பாதி விபத்துக்குக் காரணம் என்பது என் அனுபவம். லாரி வர நேரமாகும், ஷிப்ட் நிற்கிறது, முதலாளி போனில் இருக்கிறார். அந்த அவசரத்தில்தான் "ஒரு நிமிசந்தானுங்கண்ணா, எட்டிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்ற குரல் வரும். நான் ஒருமுறை அந்தக் குரல்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறேன். அப்புறம் ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, பேசாமல் இருக்கவும் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

ஆகவே முந்தின நாளே தண்ணீரையும் சேற்றையும் முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வரும் குழாய்களின் வால்வை மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இறங்கும் ஆளின் பையிலேயே போடுங்கள். கலக்கும் இயந்திரம், மோட்டார் எல்லாவற்றுக்கும் மெயினை இறக்கி அங்கேயும் ஒரு பூட்டு. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தெரியாமல் யாராவது போட்டுவிடுவார்கள். தொட்டியின் எல்லா மூடிகளையும் திறந்து, சுற்றிலும் கயிறு கட்டிவிடுங்கள். பீடி, சிகரெட், செல்போன் டார்ச் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

படி 3: காற்று ஊட்டுதல்

மூடியைத் திறந்து வைத்தால் காற்று தானாக மாறிவிடும் என்பது நம்பிக்கைதான். கனமான வாயு அடியில் அப்படியே கிடக்கும். ஊதும் விசிறியும் அதோடு ஒரு மடக்குக் குழாயும் வேண்டும். குழாயின் வாய் தொட்டியின் அடியிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்தில் இருக்க வேண்டும். மேலே ஊதினால் மேல்காற்றுதான் சுழலும்.

ஒரு கணக்கு. 10 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி ஆழம் என்றால் 640 கன அடி. நிமிடத்துக்கு 640 கன அடி தள்ளும் விசிறி ஒரு நிமிடத்தில் ஒருமுறை மாற்றும். ஏழெட்டு முறையாவது மாறினால்தான் அளந்து பார்க்கவே அர்த்தம். நான் அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் கருவியை இறக்குவேன். ஆள் உள்ளே இருக்கும் வரை விசிறி நிற்காது. விசிறி உறிஞ்சும் பக்கம் ஜெனரேட்டரோ லாரியோ புகை விட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, அந்தப் புகையையே உள்ளே ஊட்டிவிடும். வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனை ஒன்று உண்டு. செய்யாதீர்கள். ஆக்சிஜன் மிஞ்சினால் துணியும் எண்ணெயும் காகிதம் போலப் பற்றிக்கொள்ளும்.

படி 4: அளத்தல்

நான்கு வாயுவை ஒருசேரக் காட்டும் கைக்கருவி கடையில் கிடைக்கிறது, வாடகைக்கும் கிடைக்கிறது. கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்திப் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன், 19.5-க்கும் 23.5-க்கும் இடையில். அடுத்து எரியும் வாயு, வெடிக்கும் கீழ் எல்லையில் (மீத்தேனுக்கு அது மேலே சொன்ன 5 சதவீதம்) பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. பிறகு ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குள், கார்பன் மோனாக்சைடு 35-க்குள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் ஆக்சிஜன் குறைந்த காற்றில் எரியும் வாயுவைக் காட்டும் உணரி பொய் சொல்லும்.

கருவி இல்லையா? அப்படியென்றால் அன்றைக்கு வேலை இல்லை. இதில் பேரம் கிடையாது.

படி 5: உடம்பில் மாட்டுவது

இடுப்பில் கயிறு கட்டி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மயங்கிய ஆளை இடுப்புக் கயிற்றில் தூக்கினால் உடம்பு இரண்டாக மடியும். இரண்டடிச் சதுர மூடி வழியாக வராது, நடுவில் சிக்கிக்கொள்ளும். தோள், தொடை எல்லாம் சேர்த்து மாட்டும் முழு உடம்பு பெல்ட் வேண்டும், கொக்கி முதுகுக்கு மேலே, பிடரிக்குக் கீழே. அப்போதுதான் ஆள் நேராக வருவார். மூடிக்கு மேலே முக்காலி நிறுத்தி, கையால் சுற்றும் வின்ச் மாட்டி, கயிறு எப்போதும் அதில் பூட்டியே இருக்க வேண்டும். 65 கிலோ உடம்பை மேலே நின்று வெறுங்கையால் இழுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒரு மூட்டை சிமென்டை எட்டடி ஆழத்திலிருந்து இழுத்துப் பார்க்கட்டும். அதுவே 50 கிலோதான்.

துண்டை நனைத்து மூக்கில் கட்டுவது, மெடிக்கல் மாஸ்க், தூசு மாஸ்க் எதுவும் வாயுவைத் தடுக்காது. வடிகட்டி உருளை வைத்த ரப்பர் முகமூடிகூட, இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கித் தராது. சந்தேகமான தொட்டியில் தன் சிலிண்டரோடு வரும் காற்றோ, வெளியிலிருந்து குழாயில் வரும் சுத்தமான காற்றோதான் பாதுகாப்பு. உள்ளே விளக்கு வேண்டுமென்றால் 24 வோல்ட்டைத் தாண்டாததாக, பொறி வராத வகையாக இருக்கட்டும்.

இந்த 24 வோல்ட்டும் சரி, இறங்கும் முன் தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்பதும் சரி, பெல்ட்டின் கயிற்று முனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்பதும் சரி, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 36-ஆம் பிரிவிலும் அதை ஒட்டியும் எழுதப்பட்டவை. ஆடம்பரமாக எதையும் நான் கேட்கவில்லை.

படி 6: மேலே நிற்கும் ஆள்

இந்த வேலையில் மிக முக்கியமான ஆள் இவர்தான். ஆனால் பெரும்பாலும் இருப்பதிலேயே புதுப் பையனைப் பிடித்து நிறுத்துவார்கள். நிற்பவருக்கு ஒரே வேலை: உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பது. டீ வாங்கப் போகக் கூடாது, போன் பேசக் கூடாது, வால்வு திறக்க யாரும் கூப்பிட்டால் போகக் கூடாது. பதில் ஒருமுறை வரவில்லை என்றால் காரணம் கேட்காமல் வின்ச்சைச் சுற்ற வேண்டும்.

அவர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வாக்குறுதி உண்டு: எது நடந்தாலும் நான் இறங்க மாட்டேன். உள்ளே கிடப்பது கூடப்பிறந்தவனாக இருந்தாலும். கேட்க நெஞ்சு பொறுக்காது. அதனால்தான் அண்ணன் தம்பி, அப்பன் மகன் என்று ஒரே வீட்டாரை ஒருவர் உள்ளே ஒருவர் மேலே என்று நிறுத்த வேண்டாம் என்கிறேன்.

திருப்பூர்ப் பக்கம் இன்றைக்கு உள்ளே இறங்குபவர் ஒடிசாக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருப்பது சகஜம். "மேலே வா", "நில்லு", "மூச்சு சரியா இருக்கா" ஆகிய மூன்றையும் அவர் மொழியில் இரண்டு பேரும் சொல்லிப் பழகிவிட்டு இறங்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையிலும் அந்த மொழிகள் இருக்கட்டும்.

கிணறு, புதுத் தொட்டி: தனியாகச் சொல்ல வேண்டியவை

நம் பக்கத்து அகலமான சதுரக் கிணற்றில் வாயு தங்குவது அரிது. பயப்பட வேண்டியது குறுகலான உறைக்கிணறு, பல வருடமாகப் பலகைக்கல் போட்டு மூடிக் கிடக்கும் கிணறு, வெடி வைத்து ஆழப்படுத்திய கிணறு. வெடிப்புகை அடியில் தேங்கி நிற்கும். காற்று ஊட்டி அளந்த பிறகே ஆள். அதைவிட ஏமாற்றுவது டீசல் என்ஜின். கரண்ட் இல்லையென்று என்ஜினைக் கிணற்றுக்குள் மேடையில் இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிறையும். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. என்ஜின் தரையில்தான் நிற்க வேண்டும், குழாய்தான் உள்ளே போக வேண்டும். மோட்டார் கழற்ற இறங்கும்போது மெயினை இறக்கி ஃபியூஸ் கட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடாத மோட்டார் ரூம் இன்னும் நிறைய இருக்கிறது.

புதுத் தொட்டி பற்றி யாரும் சந்தேகப்படுவதே இல்லை. ஒரு சொட்டுக் கழிவு விழுந்திருக்காது; தளம் போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து சென்ட்ரிங் பலகை பிரிக்க ஆள் இறங்குவார். ஈரப் பலகையும் பூஞ்சையும் அடைத்த இடத்து ஆக்சிஜனைத் தின்று முடித்திருக்கும். வீடு கட்டுபவர்கள் கவனியுங்கள்: புதுசு என்பதால் எந்தப் படியும் குறையாது. காற்று ஊட்டி, அளந்து, கயிறு மாட்டி, பிறகுதான் பலகை.

விழுந்துவிட்டால்

இறங்காதீர்கள். வின்ச்சில் பூட்டியிருந்தால் சுற்றுங்கள். இல்லையென்றால் விசிறியை முழு வேகத்தில் உள்ளே திருப்புங்கள். காற்றாவது போய்ச் சேரட்டும். 101 அல்லது 112-க்கு அழைத்து "தொட்டிக்குள்ள விசவாயு, இத்தனை பேர் உள்ளே" என்று அந்தச் சொற்களையே சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் மூச்சுக்கருவியோடு வருவார்கள். 108-க்கு இன்னொருவர் அழைக்கட்டும். சுற்றி நிற்பவர்களில் யார் இறங்கத் துடிக்கிறாரோ அவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை.

மேலே எடுத்தவுடன் காற்று வரும் பக்கமாகத் தள்ளிக் கிடத்துங்கள், நனைந்த துணியைக் கழற்றுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கையாலும் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி ஆள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். அவர் மூச்சில் வரும் வாயு உங்களுக்கும் ஏறும். கண் விழித்து "ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கும்.

இறப்பு நேர்ந்தால், பெரும்பாலும் இரவோடு இரவாக ஒரு தொகை பேசி உடலை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தாரிடம் இதைச் சொல்லுங்கள்: சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014-ல் நிர்ணயித்த 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது, நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். போலீசில் வழக்குப் பதிந்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிய பிறகே மற்றப் பேச்சு.

வேலை முடிந்ததும்

எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேரையும் எண்ணி, மண்வெட்டி, வாளி, கருவி எல்லாம் மேலே வந்ததா பார்த்து, மூடியைப் பூட்டுங்கள். பூட்டில்லாத மூடியில் மாடும் விழும், பிள்ளைகளும் விழும். பிறகு ஒரு டப்பா பெயிண்ட் எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி மூடியின் மேலே சுத்தம் செய்த மாதம், வருடம், அடுத்து லாரி வர வேண்டிய வருடம், பக்கத்திலேயே 14420 என்று எழுதிவிடுங்கள். நான் மஞ்சள் பெயிண்ட் அடிப்பேன், வெயிலில் வெளுத்தாலும் படிக்க முடிகிறது.